மேடம் சொன்ன வழி

என் அண்ணனுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று முதலில் தீர்ப்பு சொன்னது டாக்டர் அல்ல, கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். அவர்கள் அதை இந்த வார்த்தைகளில் சொல்லவில்லைதான். "பரிசோதித்ததில் குறை எதுவும் காணப்படவில்லை" என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வண்டியில் குறை இல்லையென்றால் ஓட்டுகிற ஆளிடம்தானே இருக்க வேண்டும் என்று மிச்சத்தை வீட்டிலிருந்தவர்கள் பூர்த்தி செய்துகொண்டார்கள்.

அண்ணன் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் செதுக்கி, பல் பதித்து, மெருகேற்றித் தருவது இவர் வேலை. ஓய்வு பெறும்வரை ஒரே ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் எப்போதும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் போதும், "மேல் செட்டு நம்ம வேலைதான்" என்று என் காதைக் கடிப்பார்.

அவ்வளவு நுணுக்கமான மனிதருக்கு வழி மட்டும் தெரியாது. பிறவியிலேயே அப்படி. சின்ன வயதில் முடி வெட்டிக்கொள்ளப் போனவர், திரும்பும்போது அடுத்த தெருவில் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டு "அம்மா, தண்ணி" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மா தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் யாரென்று விசாரித்தாளாம். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் அவரை ஓட்டாத நாளில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வேலைக்குப் போகவர ஒரே பஸ். அதிலும் தூங்கிவிடுவார், கண்டக்டர் எழுப்பி இறக்கிவிடுவார். வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை போகிற வழி மட்டும் அவருக்கு அத்துப்படி. வாழ்க்கைக்கு அது போதுமானதாக இருந்தது, அண்ணி விழும்வரை.

அண்ணி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகும் எங்களுக்குள் வாடி போடிதான். பாத்ரூமில் விழுந்தாள் என்றுதான் முதலில் நினைத்தோம். விழுந்ததால் பக்கவாதம் வரவில்லை, பக்கவாதம் வந்ததால் விழுந்திருக்கிறாள். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அவர்கள் வீடு லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். ஆளாளுக்குக் கையைப் பிசைந்துகொண்டு கடைசியில் ஊரின் மறுகோடியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பார்வையாளர் நேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை.

அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. அண்ணி சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று நர்ஸ் சொன்னார். மாட்டேன் என்று இல்லை, முடியவில்லை. பாதி வாய்க்கு உணர்ச்சியே கிடையாது. அந்தப் பக்கம் உணவு போனால் அங்கேயே தங்கிவிடும், பிறகு வழி மாறி மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும். கண் பிதுங்க இருமுவாள். அப்படி இரண்டு மூன்று தடவை ஆனதும் பயந்துபோய் வாயை இறுக்கிக்கொண்டாள். அட்டெண்டர்களையும் குறை சொல்ல முடியாது, ஒருத்திக்கு அத்தனை கட்டில்.

அண்ணன் போய்ப் பார்த்தார். வழக்கம்போல் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். கரண்டியை வாங்கி, மசித்த காயைக் கொஞ்சமாக எடுத்து, இடது பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு உட்புறமாக வைத்தார். தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக்கொண்டு, முழுங்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு அடுத்தது. ஒரு கிண்ணத்தைக் காலி செய்ய ஒரு மணி நேரம் ஆனது, ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அட்டெண்டருக்கும் அந்த முறையைச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்ணும் கற்றுக்கொண்டாள், ஆனால் ஒரு கட்டிலுக்கு ஒரு மணி நேரம் அவளுக்கு யார் தருவார்கள்? ஆக, அண்ணன் போகிற நாளில் அண்ணிக்கு ஒரு வேளை வயிறார உணவு. போகாத நாளில் மூக்குக் குழாய் போடலாமா என்ற பேச்சு.

பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், நாலு மணிக்குப் போய்ச் சேர்வதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் அண்ணன் அறுபது தாண்டிய வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு கார் வாங்கினார். அந்தக் காரைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். காரணம், அதன் டேஷ்போர்டிலேயே வழிகாட்டும் திரை இருந்தது. பெரிய எழுத்து, கணீரென்ற பெண் குரல். "இனிமே நீங்க தொலைஞ்சு போகணும்னு ஆசைப்பட்டாலும் முடியாது சார்" என்று விற்பனைக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னானாம். மூன்று வருட வாரண்டி.

அந்தக் குரலுக்கு அண்ணன் வைத்த பெயர் மேடம். "இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்" என்று அது சொன்னால், "சரிங்க மேடம்" என்று இவர் பதில் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். "என்னைக் கூட இப்படி மதிச்சதில்லையே" என்று நான் கேட்டதற்கு, "அவங்க உன்னை மாதிரி வாயாடி இல்லம்மா, தேவைக்கு மட்டும் பேசுறாங்க" என்றார்.

தினம் போகிற வழிதானே, ஒரு மாதத்தில் பழகியிருக்காதா என்று கேட்பீர்கள். சாதாரண ஊரில் பழகியிருக்கும். இங்கே அப்போது பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்று திறந்திருந்த சாலையில் இன்று தகர வேலி நிற்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த ஆட்டோக்காரர்களே திட்டிக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தார்கள். எங்கள் அண்ணன் எம்மாத்திரம்? மேடம் இருந்ததால் தப்பித்தார். ஒரு வருடம் போல ஒரு நாள் விடாமல் நாலு மணிக்கு அண்ணியின் கட்டிலருகே இருந்தார்.

பிறகு மேடத்துக்கு ஏதோ ஆகிவிட்டது.

முதல் தடவை, ஒரு கிடங்கின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது. அவர் தேடிப்பிடித்து இல்லத்துக்குப் போனபோது ஆறு தாண்டிவிட்டது. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அடுத்த தடவை, எப்போதோ தாண்டி வந்துவிட்ட பெட்ரோல் பங்கிலேயே வண்டி நிற்பதாக நினைத்துக்கொண்டு, அங்கிருந்து எப்படிப் போக வேண்டும் என்று நிதானமாக வழி சொல்லிக்கொண்டிருந்தது. இவரும் "சரிங்க மேடம்" என்று திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

சர்வீஸ் சென்டருக்குப் போனார். கண்ணாடி அறை, சத்தமில்லாமல் ஓடும் டிவி, அழுத்தினால் காபி தரும் மெஷின். கவுண்டரில் இருந்தவன் கழுத்தை இறுக்கி டை கட்டியிருப்பான். அவனை எங்கள் வீட்டில் டை என்றே சொல்வோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சார், பின்னால் ஒரு சார். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னான். மறுநாள் கழுவித் துடைத்துப் பளபளவென்று கொடுத்தான், கூடவே அந்தத் தாளையும். "சார், எங்க ஆள் ஓட்டிப் பார்த்துட்டார் சார். பர்ஃபெக்டா வேலை செய்யுது சார்."

உண்மையிலேயே வேலை செய்தது. ஒரு வாரம், பத்து நாள், எள்ளளவும் பிசகவில்லை. அப்புறம் மறுபடியும் பழைய குருடி. மறுபடியும் சர்வீஸ் சென்டர், மறுபடியும் அதே தாள், மறுபடியும் ஒழுங்காக ஒரு வாரம். மூன்றாவது தடவை அண்ணன் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கிறார். டை பொறுமையாக விளக்கினானாம்: "சார், வாரண்டில புதுசு மாத்தணும்னா குறை எங்க கண்ணுல படணும் சார். படலையே சார். வேணும்னா வீட்ல பெரியவங்களுக்கு யாராவது ஒருமுறை ஆபரேட் பண்ணச் சொல்லிக் கொடுக்கலாம் சார்." அவன் சொன்ன பெரியவர் எதிரே நிற்கிற அண்ணனேதான்!

அண்ணன் மகன் கெட்டவன் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவனைத் திட்டப்போகிறேன். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அப்பா வழி தவறுகிறார், மெஷின் மேல் பழி போடுகிறார், மெஷினோ நல்லபடியாக இருக்கிறது. அரசல்புரசலாகக் கேள்விப்பட்ட வியாதியெல்லாம் மனதில் ஓட, டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். அண்ணன் எண்களை அச்சடித்த மாதிரி எழுதி, முள் போட்டு, ஓரத்தில் சாவி கொடுக்கிற திருகும் போட்டு, "ஸ்ட்ராப்பும் வேணுமா டாக்டர்?" என்று கேட்டாராம். டாக்டர் சிரித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வயதுக்கு இது நல்ல ஞாபகம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் என்ன சொன்னான் தெரியுமா? "டாக்டர் சும்மா பேசிப் பார்த்துட்டு சொல்றார் அத்தை. அங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்திருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் குடிநீர் வாரியத்தில் போனில் புகார் வாங்குகிறவள். "டேய், எங்க ஆபீஸ் லைன்மேன் போய்ப் பார்க்கிற நேரத்துல குழாயில தண்ணி கொட்டும். அவன் சைக்கிளைத் திருப்பினதும் நின்னுடும். புகார் தீர்ந்ததுன்னு நாங்க மூடிடுவோம். அதனால அந்தக் குழாய் நல்லாருக்குன்னு அர்த்தமா?"

"இது குழாய் இல்ல அத்தை, கார்."

"உங்கப்பா காரும் இல்லடா, மனுஷன்."

என் பேச்சு எடுபடவில்லை. அண்ணனுக்காக நான் எதையும் பேசுவேன் என்பது ஊரறிந்த விஷயம். கூடவே, முடி வெட்டப் போய் அடுத்தவர் வீட்டில் தண்ணீர் கேட்ட கதையை நானே அந்தப் பையனுக்கு எத்தனை தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

பிறகு அந்தப் பள்ளம். பாலத்துக்குத் தோண்டிய பள்ளம். "வலது பக்கம் திரும்பவும்" என்றது மேடம். அண்ணன் திருப்பினார். அங்கே வேலி சரிந்து கிடந்தது. முன்சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. கம்பி கட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் தாவிக் குதித்துத் தப்பினார். யாருக்கும் அடிபடவில்லை. அந்த ஆள் அண்ணனின் சட்டையைப் பிடித்து, "கண்ணு தெரியலன்னா வீட்ல கிடக்க வேண்டியதுதானே பெருசு" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும்.

மகன் போய்க் கூட்டிவந்தான். பேயறைந்தவன் மாதிரி இருந்தான். அன்றைக்கே சாவியை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். பஸ்ஸிலும் தனியாகப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டான். வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, அவனே கூட்டிப் போவதாக ஏற்பாடு. நான் அழைத்துப் போகலாம் என்றால் எனக்கு மாலை ஷிப்ட். அண்ணன் அண்ணிக்கு ஊட்டுகிற நேரத்தில் என் காதில் ஊர்க்காரர்களின் தண்ணீர்ப் பஞ்சாயத்து. காலை ஷிப்ட் கேட்டு மேலதிகாரியிடம் நடையாய் நடந்தேன், கிடைக்கவில்லை.

அந்த மாதங்களில் இரண்டு பேர் இளைத்தார்கள். அண்ணி இளைத்தது கண்ணுக்குத் தெரிந்தது. தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது, குழாய் போட நாள் குறிக்கலாமா என்று கேட்டார்கள். அண்ணன் இளைத்தது அப்படித் தெரியவில்லை. அவர் முதலில் கோபப்பட்டார், மெஷின்தான் தப்பு என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் எல்லாம் தலையை ஆட்டிவிட்டு ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு நாள் என்னிடம், "நானே கூடத் தப்பா காதுல வாங்கியிருப்பேனோ வாயாடி?" என்று கேட்டார். கேஸை அணைத்தாரா என்று மருமகள் ஒரு தடவை பார்ப்பாள், இவர் அவளுக்குப் பின்னாலேயே போய் நாலு தடவை பார்ப்பார். மாத்திரை போட்டேனா, கதவைப் பூட்டினேனா, இன்றைக்கு என்ன கிழமை. மறந்துபோய்க் கேட்கவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை நம்பாமல் கேட்டார். நான் அவரை உலுக்க வேண்டும் போல் இருந்தது.

சும்மா நிற்கிற வண்டி பாழாகிவிடும் என்று மகன் அதைத் தன் வேலைக்கு எடுத்துப் போக ஆரம்பித்தான். தெரிந்த வழி என்பதால் மேடத்தை அவன் திறப்பதே இல்லை. ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை கிடைத்தது, நானும் அவர்களோடு அண்ணியைப் பார்க்கக் கிளம்பினேன். மகன் ஓட்ட, அண்ணன் பக்கத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு, நான் பின்னால். வழியில் இன்னொரு சாலையை அடைத்திருந்தார்கள். மகன் திரையைத் தட்டி இல்லத்தின் பெயரைப் போட்டான்.

"முன்னூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்" என்றது மேடம். இடது பக்கம் மதில் சுவர். திரையைப் பார்த்தால், எப்போதோ தாண்டிய பெட்ரோல் பங்கிலேயே எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனான். அப்போதும் அங்கேயேதான் நின்றது. மேடம் பதற்றமே இல்லாமல் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி முன் சீட்டிலிருந்த அண்ணனைப் பார்த்தேன். மகன் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"அப்பா" என்றான். "மெஷின்தான்பா தப்பு."

அண்ணன் திரையைக் குனிந்து பார்த்தார். "இருக்காதுப்பா. அவங்கதான் மூணு தடவை பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்களே. நீ எங்கயோ தப்பா திருப்பிட்ட போலிருக்கு. பரவாயில்ல, மெதுவா போ."

மகன் எஞ்சினை அணைக்காமல் நேரே சர்வீஸ் சென்டருக்கு விட்டான். முற்றத்தில் நிறுத்தி, ஹாரனை அழுத்திப் பிடித்தான். டை ஓடிவந்தான், கூடவே ஒரு மெக்கானிக். "வந்து பாருங்க. நாம எங்க நிக்கிறோம்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான் மகன். டை தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். திரையில் நாங்கள் இன்னும் பெட்ரோல் பங்கில்தான் இருந்தோம். அவன் வாய் திறந்தது, சார் வரவில்லை.

"செக் பண்ணிடலாம்" என்று மெக்கானிக் எஞ்சினை அணைக்கச் சொன்னார். மாட்டேன், ஓடுகிறபடியே பாருங்கள் என்றான் மகன். அவர் பானெட்டைத் தூக்கி, இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்து, பேட்டரி வயர் பக்கம் குனிந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பேட்டரியைக் கழட்டணும் சார், அதுக்குத்தான் அணைக்கச் சொன்னேன். எந்த வண்டி உள்ள வந்தாலும் முதல்ல இதைக் கழட்டி வெச்சுட்டுத்தான் கை வைப்போம். இங்க ரூல் அது."

"கழட்டினா திரைக்கு என்ன ஆகும்?"

"எல்லாம் அழிஞ்சு புதுசா ஸ்டார்ட் ஆகும் சார்."

ஸ்பேனரோடு நின்ற அந்த மனிதருக்கும் அப்போதுதான் உறைத்தது. டை தன் டையைத் தடவிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் வியாதியைத் துடைத்து எறிந்துவிட்டு, அப்புறம்தான் நாடி பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். துடைத்த சூட்டில் அது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும். அந்த ஒரு வார ஒழுங்குதான் எங்கள் அண்ணனைப் பைத்தியக்காரன் ஆக்கியது.

"ரொம்ப ரேர் கேஸ் மேடம்" என்றான் டை, என்னிடம்.

"ஏற்கனவே கொடுத்த தாளையெல்லாம் என்ன பண்றது?"

"அது அப்போதைய நிலவரம் மேடம்."

அவன் கன்னத்தில் அறையாமல் வந்தேன் என்பதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. அண்ணன் வண்டியிலேயே பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கி, "நேரமாச்சுப்பா, அவ காத்திருப்பா" என்று மட்டும் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் கேட்டை மூடிக்கொண்டிருந்தார்.

வாரண்டியில் எல்லாம் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். திரை, உள்ளிருந்த பெட்டி, மேலே இருந்த ஆண்டெனா. இப்போதைய மேடம் அப்பழுக்கில்லாமல் வழி சொல்கிறாள். மகன் சாவியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்து, "சாரிப்பா" என்றான். அழுதுவிட்டான். மருமகளும் அழுதாள். அண்ணனுக்கு ஏன் அழுகிறார்கள் என்று புரியவில்லை. "நல்லதுக்குத்தானே பண்ணீங்க" என்று அவன் முதுகைத் தட்டினார்.

அன்று அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகு ஜாக்கிரதையாக வண்டியை வாசலிலிருந்து இறக்கினார். தெருமுனைக்கு வந்தோம். பஸ் ஸ்டாப் இருக்கும் முனை. அவர் தூக்கத்தில்கூட நடந்து போகிற முனை. மேடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் வண்டியை நிறுத்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நெற்றி வியர்த்துவிட்டது.

"எந்தப் பக்கம்மா?" என்றார்.

"என்ன விளையாடுறியா அண்ணா? உன் பஸ் ஸ்டாப்பு அது."

"தெரியும். இருந்தாலும் நீ ஒரு தடவை சொல்லிடு."

சொன்னேன். அவர் திருப்பவில்லை. இறங்கிச் சுற்றி வந்து சாவியை என் மடியில் வைத்துவிட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. மகனை வரச்சொல்லித்தான் வண்டியை உள்ளே விட்டோம். அதற்குப் பிறகு அவர் அதில் ஓட்டுகிற பக்கம் உட்காரவே இல்லை.

மேலதிகாரி மாற்றலாகிப் போனதில் எனக்குக் காலை ஷிப்ட் கிடைத்தது. இப்போது தினமும் நான் அவரை பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். இரண்டு இடத்தில் மாறுகிறோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "இதுவா?" என்பார். இல்லத்துக்குள் நுழைந்ததும் அண்ணியின் அறை வாசலில் நின்று, என்னை முன்னால் போகவிட்டு, பிறகு வருவார்.

போன வாரம் அப்படி உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஒரு கையில் கரண்டி, மறு கை அண்ணியின் தாடைக்குக் கீழே. ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டுக் கட்டிலில் வைத்தேன்.

"வணக்கம் சார், கார் கம்பெனி வாடிக்கையாளர் பிரிவிலிருந்து பேசுறேன். உங்க வண்டில வாரண்டில நேவிகேஷன் மாத்திக் கொடுத்திருந்தோம். இப்ப குறை ஏதாவது இருக்கா சார்?" இளம் பெண் குரல். அந்த வேலை எவ்வளவு அலுப்பானது என்று எனக்குத் தெரியும்.

"இல்லம்மா" என்றார் அண்ணன். "வண்டில எப்பவுமே குறை இருந்ததில்ல. நான்தான் வயசான காலத்துல தப்புத் தப்பா போயிட்டு உங்களை எல்லாம் அலைய விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவாயில்ல சார். எங்க சேவைக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் கொடுப்பீங்க?"

"பத்துக்குப் பத்தும்மா."

நான் பாய்ந்து போனை எடுப்பதற்குள் அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணிக்குப் பேச்சுதான் போய்விட்டதே தவிர, காது நன்றாகக் கேட்கும். அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுத்த கரண்டியைக் கொண்டுபோனார். அவள் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கோபம் வந்தால் சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான்.

அண்ணன் கரண்டியைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார்.

"தப்பான பக்கம் வெச்சுட்டேனா?" என்று என்னைக் கேட்டார். "இடது பக்கம்தானே வைக்கணும்?"

"இடதுதான் அண்ணா. நீதானே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தே."

அவர் நம்பவில்லை. அட்டெண்டர் வரட்டும், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.